கார், ஹைவே, கிளாசிக் ராக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950களிலிருந்து 1980கள் வரை, வண்டி ஓட்டும் சுதந்திரத்தைப் பாடிய ராக் பாட்டுகள் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பாட்டு பிறந்த கதை, அதில் வரும் இன்ஜின் விவரம், குழுவாக வாசிக்கும் முறை, காரில் கேட்பதில் வரும் சிக்கல் எல்லாம் கலந்தே இருக்கும்.

ராக் இசையில் கார் எப்போது ஏறியது?

1951 மார்ச்சில், மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் ஸ்டுடியோவில் பதிவான 'ராக்கெட் 88'-இல் இருந்து தொடங்குவது வழக்கம். இசைத்தட்டில் அச்சான பெயர் ஜாக்கி பிரென்ஸ்டன். வாசித்தது ஐக் டர்னரின் குழு. வெளியிட்டது சிகாகோவின் செஸ் நிறுவனம். ஓல்ட்ஸ்மொபில் கம்பெனி 1949-ல் 'ராக்கெட்' வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் வைத்து இறக்கிய காரைப் புகழும் பாட்டு அது. ஸ்டுடியோவுக்கு வந்து சேர்வதற்குள் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் சேதமாகிவிட்டது. ஃபிலிப்ஸ் அதற்குள் காகிதத்தைத் திணித்து, அந்தக் கரகரப்போடேயே பதிவு செய்துவிட்டார். பின்னாளில் ராக் கிட்டார்காரர்கள் காசு கொடுத்துத் தேடிய ஒலி அது.

ஆனால் கார் ஓட்டுவதையே ஒரு கதையாக்கியவர் சக் பெர்ரி. 1955-ல் வந்த 'மேபலின்' பாட்டில் ஒரு வி8 ஃபோர்டு, ஒரு காடிலாக் கூப் டிவில்லைத் துரத்துகிறது. நடுவில் ஃபோர்டு சூடேறிப் போகிறது. மழை பிடித்து, பானெட்டுக்குள் தண்ணீர் அடிக்க, இன்ஜின் குளிர்ந்து மறுபடி ஓட்டம் எடுக்கிறது. இது கற்பனை அலங்காரம் இல்லை. அந்தக் கால ஃபோர்டு ஃபிளாட்ஹெட் (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருக்கும் வகை) வி8 இன்ஜினில் புகை வெளியேறும் பாதை, சிலிண்டர் பிளாக்கின் உள்ளே, குளிர்விக்கும் தண்ணீருக்கு நடுவிலேயே போகும். அதனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். அந்த வண்டி வைத்திருந்தவர்களுக்கு அந்த வரி உடனே புரிந்திருக்கும்.

கறுப்பினத்தவருக்கும் அந்தச் சாலைகள் சுதந்திரமாக இருந்தனவா?

இல்லை. தென் மாநிலங்களில் எந்த ஊரில் தங்கலாம், எந்த பங்க்கில் பெட்ரோல் போடலாம், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று தெரியாமல் கறுப்பினக் குடும்பங்கள் வண்டியைக் கிளப்ப முடியாது. அதற்கென்றே ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-ல் 'கிரீன் புக்' என்ற வழிகாட்டியைத் தொடங்கினார். அது 1960களின் நடுப்பகுதி வரை வந்தது.

இந்தப் பின்னணியில் கேட்க வேண்டிய பாட்டு, பெர்ரியின் 'பிராமிஸ்ட் லேண்ட்' (1964). வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் கிரேஹவுண்ட் பஸ் ஏறுகிறான் ஒருவன். ராலே, சார்லட், அட்லாண்டா என்று பஸ் போகிறது. அலபாமாவில் பஸ் பழுதாகி, பர்மிங்ஹாமில் நடுத்தெருவில் நிற்கிறான். அங்கிருந்து ரயிலில் நியூ ஆர்லியன்ஸ், பிறகு ஹூஸ்டன், கடைசியில் விமானத்தில் லாஸ் ஏஞ்சலஸ். தென் கரோலினாவின் ராக் ஹில் என்ற ஊரை மட்டும் பஸ் நிற்காமல் தாண்டிப் போவதாக ஒரு வரி வருகிறது. 1961 மே மாதம், பஸ்களில் இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கிளம்பிய 'ஃப்ரீடம் ரைடர்ஸ்' குழுவினர் முதலில் அடிவாங்கிய ஊர் ராக் ஹில். அலபாமாவின் ஆனிஸ்டனில் அவர்களுடைய பஸ் கொளுத்தப்பட்டது. பர்மிங்ஹாமிலும் அடி விழுந்தது. பெர்ரி எங்கேயும் குரல் உயர்த்தவில்லை, ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்வதோடு சரி.

இதை அவர் எழுதியது சிறையில். 14 வயதுச் சிறுமியை மாநில எல்லை தாண்டி அழைத்து வந்த வழக்கில் தண்டனை பெற்று 1962-63-ல் உள்ளே இருந்தார். ஊர்களின் வரிசை சரியாக வர வேண்டும் என்று சிறை அதிகாரிகளிடம் வரைபடப் புத்தகம் கேட்டதைத் தன் சுயசரிதையில் சொல்கிறார். கைதி ஒருவன் வரைபடம் கேட்டால் அதிகாரிகள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பீச் பாய்ஸ் பாட்டுகளில் வரும் எண்களும் மெக்கானிக் பேச்சும் புரியவில்லை. என்ன அர்த்தம்?

'409' (1962) என்பது ஷெவர்லே இன்ஜினின் கொள்ளளவு. 409 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.7 லிட்டர். 'லிட்டில் டியூஸ் கூப்' (1963) பாடுவது 1932-ஆம் வருட ஃபோர்டு காரை. பீச் பாய்ஸின் பிரையன் வில்சனோடு சேர்ந்து அதை எழுதிய ரோஜர் கிறிஸ்டியன், வானொலி அறிவிப்பாளர், கார் பித்தர். அதனால் சொற்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்தே வருகின்றன.

இன்ஜினுக்கு நான்கு வேலை செய்ததாக அந்தப் பாட்டு பட்டியல் போடுகிறது. 'போர்ட்டிங்' என்றால் காற்றும் பெட்ரோலும் கலந்து நுழையும் துவாரங்களை அரைத்து அகலப்படுத்துவது. 'ரிலீவிங்' என்பது ஃபிளாட்ஹெட் இன்ஜினுக்கே உரிய வேலை: வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இரும்பைக் கொஞ்சம் செதுக்கி வழிவிடுவது. அளவு மீறிச் செதுக்கினால் உள்ளே அழுத்தம் குறைந்து, கிடைத்த லாபமும் போய்விடும். 'ஸ்ட்ரோக்கிங்' என்றால் கிராங்க் ஷாஃப்டை மாற்றி பிஸ்டனின் ஏற்ற இறக்கத் தூரத்தைக் கூட்டுவது. 'போரிங்' சிலிண்டரைக் கடைந்து விட்டத்தைக் கூட்டுவது. தண்ணீர் ஓடும் சுவர் வரை மெலிந்துவிட்டால் பிளாக்கையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆனால் அந்த கார் 140 மைல், அதாவது 225 கிலோமீட்டர் வேகம் போகும் என்பது வாலிபப் பெருமை. கம்பெனியிலிருந்து வந்தபோது அந்த இன்ஜின் 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். நான்கு வேலையும் செய்தாலும், தெருவில் ஓடும் காருக்கு அந்த வேகம் ரொம்பவே அதிகம்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'ரேசிங் இன் தி ஸ்ட்ரீட்' பாட்டில் இன்ஜின் விவரம் தப்பு என்கிறார்களே?

தப்புதான். 1969 ஷெவி (ஷெவர்லே), 396 இன்ஜின், 'ஃப்யூலி' ஹெட்ஸ், தரையில் ஹர்ஸ்ட் கியர் லிவர் என்று பாட்டு (1978) தொடங்குகிறது. ஃப்யூலி ஹெட்ஸ் என்பவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கொண்ட கார்வெட் (ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார்) வண்டிகளின் சிறிய 'ஸ்மால் பிளாக்' இன்ஜினுக்குச் செய்யப்பட்ட சிலிண்டர் மூடிகள். 396 பெரிய 'பிக் பிளாக்' வகை. ஸ்மால் பிளாக்கில் ஒரு சிலிண்டர் மையத்திலிருந்து அடுத்த மையத்துக்கு 4.40 அங்குலம், பிக் பிளாக்கில் 4.84. போல்ட் துவாரமே ஒத்து வராது. ஷெவி கூட்டங்களில் இது பழைய சண்டை.

பாட்டுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. பகல் வேலை முடித்து ராத்திரி ரேஸ் விடுகிறவன், ஜெயித்தும் வீட்டில் காதலி உடைந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான். பியானோ மெதுவாகப் போகிறது. ரேஸ் பாட்டு என்று நம்பிப் பயணப் பட்டியலில் சேர்த்தால் வண்டிக்குள் பேச்சு நின்றுவிடும். ஓட்டத்துக்கு வேண்டியது 'பார்ன் டு ரன்' (1975). அந்த ஒரு பாட்டைச் செதுக்க ஏறத்தாழ 6 மாதம் பிடித்தது. அடுக்கடுக்கான கிட்டார்களுக்கு மேலே கிலாக்கன்ஸ்பீல் மணி ஒலி கேட்கும். அதிலும் சுதந்திரம் கையில் கிடைத்தபாடில்லை. நியூ ஜெர்சியின் 9-ஆம் நம்பர் ரோட்டில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன, பாடுகிறவன் இன்னும் ஊரை விட்டுக் கிளம்பவே இல்லை. இந்த வகையின் நல்ல பாட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான், போய்ச் சேர்ந்தவனைவிடக் கிளம்பத் துடிக்கிறவனையே பாடும்.

'ரூட் 66' பாட்டை வைத்தே பயணம் திட்டமிடலாமா?

பாதிக்கு மேல் திட்டமிடலாம். பாபி ட்ரூப் 1946-ல் எழுதியது. முதலில் நாட் கிங் கோல் பாடினார், சக் பெர்ரி 1961-ல், ரோலிங் ஸ்டோன்ஸ் 1964-ல் தங்கள் முதல் ஆல்பத்தில். சிகாகோவில் தொடங்கி செயின்ட் லூயிஸ், ஜோப்லின், ஓக்லஹோமா சிட்டி, அமரில்லோ, காலப் என்று மேற்கே போகும் வரிசை சரி. அரிசோனாவில்தான் இடிக்கும். பாட்டில் ஃபிளாக்ஸ்டாஃப் முதலில், வினோனா பிறகு. நிஜத்தில் கிழக்கிலிருந்து வருகிறவருக்கு வினோனா முதலில் வந்துவிடும். அரிசோனாவோடு எதுகை சேர்வதற்காக அந்தச் சின்ன ஊர் பின்னுக்குப் போயிருக்கிறது. அதன் பிறகு கிங்மேன், பார்ஸ்டோ, சான் பெர்னார்டினோ மறுபடி ஒழுங்கு.

சாலை 1926-ல் பிறந்து 1985-ல் அதிகாரபூர்வமான நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகள் அதன் வேலையை எடுத்துக்கொண்டன. பழைய துண்டுகளில் பெரும்பகுதியில் இன்றும் ஓட்டலாம். ஆனால் பல இடங்களில் பழைய சாலை முட்டுச் சந்தாக முடியும் அல்லது இன்டர்ஸ்டேட்டுக்குள் தள்ளும். செல்போன் வரைபடத்தில் சிகாகோ, சான்டா மோனிகா என்று மட்டும் போட்டால் அது வேகமான வழியையே காட்டும். இடையில் உள்ள சின்ன ஊர்களை ஒவ்வொன்றாக நிறுத்தமாகச் சேர்க்க வேண்டும்.

ஈகிள்ஸின் 'டேக் இட் ஈஸி' (1972) சொல்லும் வின்ஸ்லோவும் இதே சாலையில்தான். அதை எழுதத் தொடங்கிய ஜாக்சன் பிரவுன் இரண்டாம் பத்தியில் மாட்டிக்கொண்டு நிற்க, பெண் ஓட்டி வரும் ஃபோர்டு வண்டியின் வரியைச் சேர்த்து முடித்தவர் கிளென் ஃப்ரே. பாட்டில் வரும் வின்ஸ்லோ தெருமுனைக்காக அங்கே 1999-ல் பூங்காவே கட்டிவிட்டார்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே?

நிறைய. 'ஹைவே ஸ்டார்' பாடிய டீப் பர்ப்பிள் இங்கிலாந்து. 'ரேடார் லவ்' (1973) பாடிய கோல்டன் இயரிங் நெதர்லாந்து. குயீனின் 'ஐம் இன் லவ் வித் மை கார்' (1975) டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதிப் பாடியது, முடிவில் உறுமுவது அவருடைய ஆல்ஃபா ரோமியோ. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் 1974-ல் 'ஆட்டோபான்' என்று இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க, 22 நிமிடத்துக்கு மேல், கார் கதவு சாத்தும் சத்தத்தில் தொடங்கி ஓட்டுகிறது. அதை ராக் என்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. நீண்ட நேர்ச் சாலைக்கு அதைவிடப் பொருத்தமான இசை குறைவு.

'ஹைவே ஸ்டார்' ஏன் அவ்வளவு வேகமாகத் தோன்றுகிறது? எங்கள் குழு வாசித்தால் பாதியில் தொய்கிறது.

பாட்டு பிறந்தது 1971-ல் போர்ட்ஸ்மத் போகும் பஸ்ஸில். எப்படிப் பாட்டு எழுதுகிறீர்கள் என்று பத்திரிகையாளர் கேட்க, டீப் பர்ப்பிளின் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் ஜி சுரத்தையே தட்டிக்கொண்டு போக, பாடகர் இயன் கில்லன் மேலே பாட ஆரம்பித்தார். பதிவானது அந்த டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோவில், காலியாகக் கிடந்த கிராண்ட் ஹோட்டலில், ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஸ்டுடியோ வண்டியை வைத்து.

வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 தட்டு. பேஸ் கிட்டாரும் ரிதம் கிட்டாரும் தட்டுக்கு இரண்டு அடி என்று ஒரே சுரத்தில் நிற்கின்றன, அதாவது நிமிடத்துக்கு 340 அடி. தரை நிற்காமல் ஓட, மேலே காட்சி மாறுவது மாதிரி காதுக்குப் படுவது இதனால்தான். தொய்வு வருவதும் இங்கேதான்: முழங்கையிலிருந்து அடிப்பவர் இரண்டு நிமிடத்தில் இறுகிப்போவார். மணிக்கட்டிலிருந்து அடிக்க வேண்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமில் 120-ல் தொடங்கி, முழுப் பாட்டையும் சமமாக வாசிக்க முடிந்த பிறகு மட்டும் 5 கூட்டுங்கள். டிரம்மர் நான்கு சுற்றுக்கு ஒருமுறை உருட்டுவதை நிறுத்தினாலே பாதிச் சிக்கல் தீரும், ஒவ்வொரு உருட்டலிலும் குழு முன்னே ஓடும், பிறகு மூச்சு வாங்கும்.

கிட்டார் சோலோவின் வேகமான பகுதி, ஜெர்மன் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் இசையை மனதில் வைத்து டி மைனர், ஜி மைனர், சி, ஏ என்ற வரிசையில் கட்டியது. தட்டுக்கு நான்கு சுரம். நொடிக்கு 11-க்கு மேல் போகிறது. பிளாக்மோர் முன்கூட்டியே திட்டமிட்டு அமைத்த சோலோ அது, மேடையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாடர்ன் லவ்வர்ஸின் 'ரோட்ரன்னர்' எடுக்கலாம். பாஸ்டனைச் சுற்றும் 128-ஆம் சாலையில் இரவில் ரேடியோ கேட்டபடி ஓட்டுவதுதான் மொத்த விஷயம். 1972-ல் ஜான் கேல் தயாரிப்பில் பதிவாகி, ஆல்பமாக வந்தது 1976-ல். கிட்டத்தட்ட முழுப் பாட்டும் டி, ஏ என்ற இரண்டே கார்டு (சுரக்கூட்டு). சலிப்பில் மூன்றாவது கார்டு சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் பாட்டு போச்சு.

வேகக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு பாட்டு உண்டாமே?

சாமி ஹேகரின் 'ஐ கான்ட் டிரைவ் 55' (1984). எண்ணெய் நெருக்கடியை ஒட்டி 1974 ஜனவரியில் நாடு முழுதும் மணிக்கு 55 மைல், அதாவது 89 கிலோமீட்டர் உச்சவரம்பு வந்தது. நியூயார்க் மாநிலத்தில் 62 மைலில் போனதற்குப் பிடிபட்ட எரிச்சலில் ஹேகர் எழுதினார். கிராமப்புற இன்டர்ஸ்டேட்டுகளில் 1987-ல் 65 ஆனது; 1995-ல் தேசிய வரம்பே போனது. சட்டம் மாறியதற்குப் பாட்டுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதே உணர்வை ஆழமாகச் செய்தது கனடாவின் ரஷ் குழு. 'ரெட் பார்செட்டா' (1981), 'ரோட் அண்ட் டிராக்' இதழில் 1973-ல் ரிச்சர்ட் ஃபாஸ்டர் எழுதிய சிறுகதையிலிருந்து கிளைத்தது. கார் தடைசெய்யப்பட்ட எதிர்காலத்தில், மாமா ஒளித்து வைத்திருக்கும் வண்டியை எடுத்துப் பையன் ஓட்டுகிறான். தொடக்கத்தில் மெல்லக் கேட்கும் கிட்டார் ஹார்மோனிக்ஸ் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் மணி போன்ற ஒலி) முடிவிலும் வந்து மறையும். நடுவில் கியர் மாற்றுவதுபோல் தாளம் மாறுவதை ஹெட்ஃபோனில் கவனியுங்கள்.

கார் என்ற பெயர் இருந்தும் சுதந்திரத்துக்குச் சம்பந்தமில்லாதவை?

பீட்டில்ஸின் 'டிரைவ் மை கார்' ஒரு நடிகை ஆக விரும்பும் பெண்ணின் தந்திரம். கார்கூட அவளிடம் இல்லை. தி கார்ஸ் குழுவின் 'டிரைவ்' (1984) உடைந்துகொண்டிருக்கும் ஒருத்திக்கு யார் துணை என்ற சோகம். ஏசி/டிசியின் 'ஹைவே டு ஹெல்' ஓயாத கச்சேரிப் பயணத்தின் அலுப்பு. ஜானிஸ் ஜாப்ளினின் 'மெர்சிடஸ் பென்ஸ்' பேராசையைக் கிண்டல் செய்கிறது; அதையே அந்த கம்பெனி விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது தனி நகைச்சுவை. ஜாக்சன் பிரவுனின் 'ரன்னிங் ஆன் எம்ப்டி' (1977) இரண்டுங்கெட்டான்: ஓட்டம் இருக்கிறது, டேங்க் காலி.

பெண்கள் ஓட்டும் பாட்டுகள்?

குறைவு. பீச் பாய்ஸின் 'ஃபன், ஃபன், ஃபன்' பாட்டில் பெண் ஓட்டினாலும் அப்பா சாவியைப் பிடுங்கிவிடுகிறார். ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா' (1976) ஆல்பத்துக்கு நேராகப் போங்கள். மெய்ன் மாநிலத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குத் தனியாக ஓட்டி வந்த பயணத்தில் பெரும்பகுதி எழுதியது. ஜாக்கோ பஸ்டோரியஸின் பேஸ் கிட்டார் நான்கு பாட்டுகளில் வருகிறது.

பழைய 8-ட்ராக் கேசட் கிடைத்தது. காரில் போட்டுக் கேட்கலாமா?

உடனே போடாதீர்கள். ஃபோர்டு தன் 1966 மாடல்களில் 8-ட்ராக் பிளேயரை வைத்த பிறகுதான் அமெரிக்கர்கள் ஆல்பத்தைக் காரில் பரவலாகக் கேட்கத் தொடங்கினார்கள். உள்ளே இருப்பது முடிவில்லாமல் சுற்றும் ஒரே டேப், நொடிக்கு 3.75 அங்குல வேகம், நான்கு நிகழ்ச்சிகள். டேப் ஒட்டியிருக்கும் இடத்தில் ஓர் உலோகத் துண்டு இருக்கும். அது கடந்ததும் பிளேயர் 'டொக்' என்று அடுத்த நிகழ்ச்சிக்கு மாறும். நான்கும் சம நீளம் வேண்டும் என்பதால் பாட்டு வரிசையை மாற்றுவார்கள். சில பாட்டுகளை நடுவில் வெட்டி மங்கவைத்து, டொக் சத்தத்துக்குப் பிறகு தொடர்வார்கள்.

இத்தனை வருடத்தில் மூன்று கெட்டுப்போகும். அந்த உலோக ஒட்டின் பசை காய்ந்திருக்கும். போட்டவுடன் டேப் அறுந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். டேப்பை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சு பொடியாகியிருக்கும், ஒலி மங்கும். சில வகைகளில் கேசட்டுக்குள்ளேயே இருக்கும் ரப்பர் உருளை பிசுபிசுத்துப் போயிருக்கும். கூட்டைத் திறந்து மூன்றையும் மாற்றி, பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடைத்த பிறகே ஓட்டுங்கள்.

பென்டிரைவில் ஏற்றினால் பாட்டுகள் வரிசை மாறி வருகின்றன. ஏன்?

பல கார் ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை; டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் வாசிக்கும். டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, கோப்புப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று போட்டு, ஒவ்வொன்றாக அதே வரிசையில் நகலெடுங்கள். மொத்தமாக இழுத்துப் போட்டால் கம்ப்யூட்டர் தன் இஷ்டப்படி எழுதும்.

பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்கினால் கணினியில் கோப்பின் ஒலியளவையே மாற்றும் மென்பொருளால் சமன் செய்துவிட்டு ஏற்றுங்கள். 1960களின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் குரல் ஒரு ஸ்பீக்கரிலும் வாத்தியம் மறு ஸ்பீக்கரிலும் இருக்கும். டிரைவர் ஒரு பக்கமாக உட்காருவதால் பாதிப் பாட்டுதான் கேட்கும். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் மோனோ பதிப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்; பீச் பாய்ஸுக்கு எப்படியும் மோனோதான் பிரையன் வில்சன் நினைத்த வடிவம். ஆன்லைனில் தேடும்போது பாடகர்கள் வயதான பிறகு மறுபதிவு செய்த பதிப்புகளும் அதே பெயரில் கிடக்கும். ஆல்பத்தின் பெயரையும் ஆண்டையும் பார்த்து எடுங்கள்.

இந்தப் பாட்டு கேட்டால் நிஜமாகவே கால் அழுந்துமா?

அழுந்தும். இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர் வாரன் பிராட்ஸ்கி, ஓட்டும் சிமுலேட்டரில் செய்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், இசையின் வேகம் கூடக்கூட வண்டியின் வேகமும் கூடியது. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் தடம் மாறுவதும் வேகமான இசையில் அதிகமாயின. நகருக்குள் நுழையும் முன் 'ஹைவே ஸ்டார்' முடிந்துவிடும்படி வரிசை போடுங்கள். அடுத்து வார் குழுவின் 'லோ ரைடர்' (1975) வைக்கலாம். அது கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் வண்டியைத் தாழ்த்தி மெதுவாக ஊர்வலம் விடுகிறவர்களின் பாட்டு.

என் பயண வீடியோவில் பின்னணியாகச் சேர்க்கலாமா?

அனுமதியில்லாமல் முடியாது. இரண்டு உரிமைகள் உண்டு: எழுதியவருடைய பாட்டு உரிமை, பதிவு செய்த நிறுவனத்தின் ஒலிப்பதிவு உரிமை. நீங்களே வாசித்துப் பாடினால் இரண்டாவது மட்டும் விலகும், முதலாவது அப்படியே நிற்கும். யூடியூபில் ஏற்றினால் தானியங்கிச் சோதனை ஒலிப்பதிவை அடையாளம் காணும். உரிமையாளர் விருப்பப்படி விளம்பர வருமானம் அவருக்குப் போகும், அல்லது ஒலி நீக்கப்படும், அல்லது சில நாடுகளில் வீடியோவே தெரியாது. கார் ஸ்டீரியோவில் ஓடிய பாட்டு, நீங்கள் பேசும்போது பின்னால் கேட்டாலும் இதே கதைதான். படம் பிடிக்கும்போது ஸ்டீரியோவை அணைத்துவிடுங்கள்.